லால்பாகில் மரநடையும் நாலரை மணித் தேநீரும்: ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு எப்படி அமைப்பது?

கேள்வியின் சாரம் இது. போடிநாயக்கனூரிலிருந்து உங்கள் பெற்றோரும் இரண்டு அத்தைகளும் ஜனவரியில் பெங்களூருக்கு வருகிறார்கள். நால்வரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர்களுக்காக அங்குள்ள பழைய தாவரவியல் தோட்டமான லால்பாகில் வழிகாட்டி ஒருவருடன் ஒரு நடையும், பிறகு ஜெயநகரில் உங்கள் வீட்டிலேயே ஆங்கிலேயப் பாணியில் மாலைத் தேநீரும் ஏற்பாடு செய்ய விரும்புகிறீர்கள். "பிடிக்குமா, எப்படிச் செய்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே முன்பதிவு செய்வது, எவ்வளவு செலவாகும் என்பதை நீங்கள் கேட்கவில்லை. மரங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர்களுக்கு மரத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டுமா, வடையும் காபியுமாக வளர்ந்தவர்களுக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச் இறங்குமா என்பதே உங்கள் மனத்தில் உள்ள கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் கோயம்புத்தூரில் தோட்டக்கலை படித்தவன்; இருபது ஆண்டுகளுக்கு மேலாக லால்பாகில் சிறு குழுக்களை அழைத்துச் சென்று, நடை முடிந்ததும் வீட்டில் தேநீர் கொடுத்து அனுப்பி வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்: நிச்சயமாகப் பிடிக்கும், ஆனால் நடையில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மரங்கள் முதலில் வர வேண்டும், தேநீர் மேசையில் அவர்கள் பார்த்துவிட்டு வந்த தோட்டத்தின் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்துவிடுங்கள், மற்றவை தானாக அமையும். குடியரசு தினத்தை ஒட்டி லால்பாகில் மலர்க்கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் பெரியவர்களைக் கூட்டிச் சென்றால் மனிதர்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். ஆகவே புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பின், பொங்கலுக்கு முன், ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள். அது முடியாவிட்டால் கண்காட்சி முடிந்த பிறகு பிப்ரவரித் தொடக்கம். ஜனவரியில் பெங்களூரின் பகல் வெப்பம் 27, 28 டிகிரியைப் பெரும்பாலும் தாண்டாது என்பதால் பிற்பகல் நடை சாத்தியம். இரண்டரை மணிக்கு உள்ளே நுழைந்து நான்கு மணிக்கு வெளியே வந்தால், நாலரைக்குத் தேநீர். இதையே ஏப்ரலில் கேட்டிருந்தால் காலை ஏழு மணிக்கு நடந்துவிட்டு மாலையில் தனியாகத் தேநீர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். அந்த மாத வெயிலில் பிற்பகல் நடை எவருக்கும் ஆகாது. மதிய உணவைப் பன்னிரண்டு மணிக்கே, அளவாக முடித்துவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கு நடையும் சுகப்படாது, தேநீரும் சுகப்படாது.

240 ஏக்கர் தோட்டத்தை முழுவதும் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இதை நான் தவறு செய்து கற்றேன். தொடங்கிய புதிதில் ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது மரங்களைக் காட்டுவேன். தாவரவியல் பெயர், குடும்பம், தாயகம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவேன். ஓர் ஏப்ரல் காலையில், குழுவில் வந்திருந்த மூதாட்டி ஒருவர் பாதியிலேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கால்வலி என்று நினைத்து ஓடிப் போய்ப் பார்த்தேன். அவர் தரையில் உதிர்ந்து கிடந்த மகிழம்பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பூவை என் உள்ளங்கையில் வைத்து, "இது காஞ்சாலும் வாசம் போகாது தம்பி, துணிப்பெட்டியில போட்டு வைப்போம்" என்றார். சட்டைப் பொத்தான் அளவே இருக்கும் வெளிர்மஞ்சள் நட்சத்திரம்; நடுவே நூல் கோக்க வாகாகச் சின்னதாய் ஒரு துளை. நான் அந்த மரத்தை மிமுசோப்ஸ் எலெஞ்சி என்று சொல்லிக் கடந்து போயிருந்தேன். அன்றிலிருந்து ஒரு நடைக்கு ஏழு இடங்களுக்கு மேல் நான் நிற்பதில்லை. ஒவ்வோர் இடத்திலும் முதலில் வந்தவர்களைப் பேசவிடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இலவமரமாக இருக்கும். போடிக்காரர்களுக்கு இலவம்பஞ்சைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. உங்கள் அப்பாவே அங்கே வழிகாட்டியாகிவிடுவார். லால்பாகில் பிரம்மாண்டமான வெள்ளை இலவமரம் ஒன்று உண்டு. அதன் அடிப்பகுதியில் வேர்கள் பலகை பலகையாகச் சுவர்போல எழுந்து நிற்கும், இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓர் ஆள் மறைந்து நிற்கலாம். மேல்மண்ணில் ஆழம் இல்லாத இடத்திலும் உயரமான மரம் சாயாமல் நிற்க அந்தப் பலகை வேர்கள் உதவுகின்றன. ஜனவரியில் இலை உதிர்ந்து கிளைகள் வெறுமையாக இருக்கும் காலம் என்பதால் மரத்தின் கட்டமைப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இதன் பூக்கள் இரவில் விரியும், மகரந்தச் சேர்க்கையைப் பெரும்பாலும் வௌவால்கள் செய்கின்றன. இலவு காத்த கிளி என்று நாம் சொல்வதன் பொருளை அந்த மரத்தடியில் நின்று பேத்தி பேரன்களுக்குச் சொல்ல வாய்த்தால், கிளி ஏன் ஏமாந்தது என்பதை விளக்க வேறு படம் வேண்டாம். மரத்தின் வயது இருநூறைத் தாண்டும் என்று பலரும் சொல்வார்கள். அதை மரபுச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திப்பு தன் கையால் நட்டது என்று காட்டப்படும் மாமரத்துக்கும் இதுவே பொருந்தும்.

உறுதியானதையும் செவிவழிச் செய்தியையும் இங்கே பிரித்துச் சொல்வது அவசியம், ஏனென்றால் தோட்ட வழிகாட்டிகள் பலர் இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். ஹைதர் அலி 1760இல் இத்தோட்டத்தைத் தொடங்கினார், திப்பு சுல்தான் அதை வளர்த்தார், 1856இல் இது அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று என்பவை நிலைபெற்ற வரலாறு. தோட்டத்துக்குள் இருக்கும் கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார்; அப்போது தோட்டத்தை நிர்வகித்தவர் ஜான் கேமரூன். அது லண்டன் கிரிஸ்டல் பேலஸின் நகல் என்று சொல்லப்படுவது மிகை. அதன் தாக்கத்தில் எழுந்தது என்பதே சரி, 1936இல் எரிந்துபோன அந்த லண்டன் கட்டடம் இதைவிடப் பல மடங்கு பெரியதாக இருந்தது. ஹைதர் இந்தத் தோட்டத்தை வளர்க்கத் தமிழ்ப் பகுதியிலிருந்து தோட்டக்காரர்களை அழைத்து வந்தார், அவர்களின் வழிவந்தோரே கரகத் திருவிழாவை நடத்தும் திகளர் சமூகத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அச்சமூகம் தலைமுறைகளாகத் தோட்ட வேலையில் சிறந்தது என்பதிலும், திகளர் என்ற சொல் கன்னடத்தில் தமிழரைக் குறிக்க வழங்கியது என்பதிலும் ஐயமில்லை. ஹைதரோடு இணைக்கும் பகுதியை மட்டும் கதையாகச் சொல்லுங்கள். வரலாறு என் துறை அன்று. ஆகவே என் குழுவினரிடம் இந்த எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவேன். உங்கள் அத்தைகளுக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து நாகலிங்க மரம். ஆண்டின் பெரும்பகுதியும் அதில் பூ இருக்கும் என்பதால் ஏமாற்றம் நேராது. பூ கிளை நுனியில் பூக்காமல், தண்டிலிருந்தே கயிறுபோலத் தொங்கும் காம்புகளில் பூக்கிறது. உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். நடுவில் லிங்கம், மேலே கவிந்த நாகப்படம் என்று நாம் காண்பதில் இரண்டு வகை மகரந்தத்தாள்கள் இருக்கின்றன: நடுவில் வட்டமாக இருப்பவை இனப்பெருக்கத்துக்கானவை, படமாகக் கவிந்திருப்பவற்றின் மகரந்தம் முளைக்காது, அது தேனீக்கு வைத்த தீனி. இந்தப் பூவில் தேன் கிடையாது, ஆகவே வரும் வண்டுக்கும் தேனீக்கும் மரம் கொடுக்கும் கூலி அந்த மகரந்தம்தான். தேனீ அதைத் தின்னும்போது அதன் முதுகு நடுவட்டத்தில் உராய்ந்து மறுபூவுக்கு வேண்டியதைச் சுமந்து போகிறது. இந்த மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. கோயில்களில் பார்த்துப் பழகிய பெரியவர்களிடம் இதைத் திருத்தம்போலச் சொல்லாதீர்கள். கடல் கடந்து வந்த ஒரு பூவில் நம் முன்னோர் ஈசனைக் கண்டு கோயில் முற்றத்தில் இடம் கொடுத்தார்கள் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையே. ஒரே எச்சரிக்கை: காய் பீரங்கிக் குண்டு போல் கனமானது, ஆகவே மரத்தின் நேரடியாக அடியில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

தோட்டத்துக்குள் இருக்கும் பெரிய பாறைக்குக் கூட்டிச் செல்லுங்கள், ஆனால் ஏறச் சொல்லாதீர்கள். உச்சியில் பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் பெயரிலான கோபுரம் இருக்கிறது, காட்சியும் நன்றாகத்தான் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. பாறையின் அடியில் உட்கார இடம் பாருங்கள். அது தீபகற்ப நைஸ் என்னும் பாறை, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. பிற்பகலில் கையை அதன்மேல் வைத்தால் அடுப்பு அணைந்த பின் உள்ள கல்லைப் போல இதமாகச் சுடும். வெளிறிய வரியும் கறுத்த வரியும் மாறி மாறி ஓடுவது விரலுக்கே தெரியும். தோட்டத்தில் திருவக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்மரமும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்து ஊர் என்று சொன்னவுடன் பெரியவர்கள் நின்று பார்ப்பார்கள். அது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழமையானது. ஆனால் மரத்தின் வரிகள் இன்னும் மரத்தின் வரிகளாகவே இருக்கின்றன. பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். நடையின் நடுவே இப்படி ஓர் ஓய்வு இல்லாவிட்டால் தேநீர் மேசையில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

நேரம் இருந்தால் ஊசி போல உயர்ந்து நிற்கும் குக் பைன் மரம் ஒன்றையும் காட்டுங்கள், இது குழந்தைகள் உடன் வந்தால் அவர்களுக்கு. நியூ கலிடோனியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் எந்த நாட்டில் நட்டாலும் பூமத்தியரேகைப் பக்கமாகச் சாய்கிறது என்பதை ஐந்து கண்டங்களில் அளந்து 2017இல் வெளியிட்டார்கள். சராசரிச் சாய்வு எட்டு டிகிரிக்குச் சற்று மேல். நம் ஊரில் அது தெற்கே சாய வேண்டும். கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து குழந்தைகளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். சாய்வு அளந்து அறிந்த உண்மை. சாய்வதற்கான காரணம் பற்றிச் சொல்லப்படுபவை இன்னும் கருதுகோள்களே.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை மரங்களைக் காட்டுவார் என்று கேட்காதீர்கள். எத்தனை இடங்களில் உட்காரவைப்பார் என்று கேளுங்கள். தமிழில் பேசக்கூடியவரா, குழு பன்னிரண்டு பேருக்குள் இருக்குமா, பூவையும் இலையையும் பறிக்காமல் உதிர்ந்ததை மட்டும் எடுத்துக் காட்டுபவரா என்பவையும் முக்கியம். அத்தைகளில் யாருக்காவது நடக்க முடியாவிட்டால் தோட்டத்துக்குள் ஓடும் பேட்டரி வண்டியைப் பயன்படுத்தலாம், ஆனால் வண்டியில் போனால் மரத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே ஓர் இடத்திலிருந்து மறு இடத்துக்குப் போக மட்டும் வையுங்கள்.

இனித் தேநீர். நீங்கள் எழுதியதில் "ஹை டீ" என்ற சொல் இருந்தது. இங்குள்ள ஹோட்டல்களும் அப்படித்தான் எழுதுகின்றன. இங்கிலாந்தில் ஹை டீ என்பது வேலை முடிந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் மாலை ஆறு மணிவாக்கில் சாப்பாட்டு மேசையில் உண்ட கனமான சூடான உணவு. நீங்கள் விரும்புவது ஆஃப்டர்நூன் டீ: மதிய உணவுக்கும் தாமதமான இரவு உணவுக்கும் நடுவே, நான்கு மணியளவில், சிறு சாண்ட்விச், ஸ்கோன் என்னும் அதிகம் இனிக்காத சிறு வட்ட ரொட்டி, கேக் என்ற வரிசையில் வருவது. பெட்ஃபோர்ட் கோமகள் ஆனா 1840 வாக்கில் பசி தாங்காமல் இதைத் தொடங்கிவைத்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அவர் ஒருவரே தொடங்கினார் என்று உறுதிப்படுத்த முடியாது, அந்தக் காலகட்டத்தில் இப்பழக்கம் பரவியது என்பது மட்டும் உறுதி. நம் வீடுகளில் நாலு மணிக்கு டிபன் சாப்பிட்டு வந்தவர்களுக்கு இது அந்நியமான நேரம் அல்ல என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை யாரும் ரசிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் செய்முறைதான். பிஞ்சு வெள்ளரியை மெல்லிய வில்லையாக அரிந்து, சிட்டிகை உப்புத் தூவி, கால் மணி நேரம் வடிய வையுங்கள். பிறகு துணியில் ஒற்றி எடுங்கள். ரொட்டித் துண்டின் விளிம்பு வரை வெண்ணெய் தடவ வேண்டும்; அந்த வெண்ணெய்தான் நீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் சுவர். மேலே மிளகுத்தூள், விரும்பினால் பொடியாக நறுக்கிய கொத்தமல்லி. ஓரங்களை வெட்டி, ஈரத்துணியால் மூடி வையுங்கள், பரிமாறும் முன் திறக்கலாம். முட்டை சேர்க்காதவர்கள் இருந்தாலும் ஸ்கோன் தடையில்லை. 225 கிராம் மைதாவில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, 55 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்துப் பிசறி, 25 கிராம் சர்க்கரையும் 150 மில்லி பாலும் சேர்த்து, அழுத்திப் பிசையாமல் கூட்டினால் போதும். வட்டமாக வெட்டும்போது அச்சை நேராக அழுத்தி எடுங்கள், திருகினால் விளிம்பு ஒட்டிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து எழும்பும். 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். இதனோடு வைக்கும் கிளாட்டட் கிரீம் இங்கே எளிதில் கிடைக்காது. எருமைப்பாலை மெல்லிய தீயில் காய்ச்சி ஆறவைத்து எடுத்த தடித்த ஏடு அதற்கு மிக நெருங்கிய உறவு, எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். ஏட்டை முதலில் வைப்பதா ஜாமை முதலில் வைப்பதா என்று இங்கிலாந்தின் டெவன் வட்டாரமும் கார்ன்வால் வட்டாரமும் நெடுநாளாக வழக்காடுகின்றன. உங்கள் அம்மாவுக்கு எது தோதோ அதைச் செய்யட்டும்.

மேசையில் ஒரு தட்டு மட்டும் சூடாக இருக்கட்டும்: பெங்களூர் கத்திரிக்காய் பஜ்ஜி. தமிழ்நாட்டில் சௌசௌவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று பெரியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அந்தக் காயை இந்தப் பக்கத்தில் பயிரிட வைத்தவர் கண்ணாடி மாளிகைக்குக் காரணமான அதே கேமரூன்தான். லால்பாகிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து போடிக்கும் போனது அது. நடந்துவிட்டு வந்த தோட்டத்தைத் தட்டில் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் வியப்பைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்கோன் செய்ய நேரமில்லை என்றால் அய்யங்கார் பேக்கரியிலிருந்து காரா பன்னும், தேங்காய் இனிப்பு வைத்த தில்பசந்தும் வாங்கி வையுங்கள். 1898இல் சிக்பேட்டைப் பக்கம் தொடங்கிய அந்த பேக்கரி மரபும் இந்த ஊருக்கே உரியது, அதில் குறை ஒன்றுமில்லை.

தேயிலைக்கு நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலையை, அதாவது குருணையாக்காமல் சுருட்டி உலர்த்திய இலையை, வாங்குங்கள். வீட்டில் பால் டீக்குப் பயன்படுத்தும் சிடிசி குருணை இதற்கு ஆகாது. அது சீக்கிரம் கடுத்துவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறிக்கும் இலைக்கு மணம் அதிகம், உங்கள் விருந்தின் பருவத்துக்கு அதுவே பொருந்தும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குளிர்ந்த பீங்கான் பாத்திரத்தில் ஊற்றினால் இன்னும் பல டிகிரி இறங்கி இலை சரியாகச் சாறு விடாது. ஆகவே பாத்திரத்தை வெந்நீரால் ஒருமுறை கழுவிச் சூடாக்கிவிட்டு, ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் கணக்கில் இலையைப் போட்டு, கொதி அடங்குவதற்குள் நீரை ஊற்றி மூடி, மூன்றரை நிமிடம் கழித்து வடிகட்டி இறக்குங்கள். பாலைத் தனியாகச் சூடாக்கிப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் அப்பா பால், சர்க்கரை, ஏலக்காய் மூன்றும் கேட்பார். ஏலக்காய் வியாபாரம் செய்தவர் என்று எழுதியிருந்தீர்களே, மறுக்காமல் தட்டிப் போட்டுக் கொடுங்கள். மருத்துவம் எனக்குத் துறையில்லை. ஆனாலும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கக் கூடாது, தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. தூக்கம் வராது என்று சொல்பவர்களுக்கு முதல் கோப்பையோடு நிறுத்துங்கள்.

ஐந்தே முக்கால் ஆனதும் எல்லோரையும் வாசலுக்கு அழைத்து வாருங்கள். உங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரம் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். ஜனவரியில் ஆறு மணியைச் சற்றுத் தாண்டியதும் சூரியன் மறையும், அதற்கு முன்பே அதன் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடியத் தொடங்கியிருக்கும். இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு புடைப்பில் நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வதால் அப்படி மடிகிறது. மதியம் அடர்த்தியாக இருந்த நிழல் கொஞ்சம் கொஞ்சமாகச் சல்லடையாகி, கிளைகளுக்கு நடுவே வானம் தெரிய ஆரம்பிக்கும். அத்தைகளுக்கு நாற்காலி போட்டுக் கொடுங்கள், அரைமணி நேரம் ஆகும்.